நீர்க்கட்டி நோய் பணக்காரப் பெண்களின் நோயா?

"அது பணக்கார வீட்டுப் பெண்களுக்கு வரும் வியாதி. உழைத்துச் சாப்பிடுகிறவளுக்கு அதெல்லாம் வராது." சினைப்பை நீர்க்கட்டி நோயைப் பற்றி நம்மிடையே இப்படி ஒரு பேச்சு உலவுகிறது. டாக்டர்கள் இந்நோயைப் பி.சி.ஓ.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். இந்தப் பேச்சு தவறு. தவறு மட்டுமல்ல, உழைக்கும் பெண்களுக்குத் தீங்கு செய்யும் பேச்சு.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கூறியது. அவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரை தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள் என்றும் கூறியது. பணம் உள்ளவள் அடையாறிலோ மயிலாப்பூரிலோ ஒரு கிளினிக்குக்குப் போய்த் தெரிந்துகொள்கிறாள். தியாகராய நகர் ஜவுளிக் கடையில் நாளெல்லாம் புடவை விரித்துக் காட்டும் பெண் எங்கே போவாள்? அவளுக்கு நோய் இல்லை என்பதல்ல. அவள் நோய்க்குப் பெயர் சொல்ல ஆள் இல்லை என்பதே உண்மை.

நோய்தான் என்ன? நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் சேர்கிறது. அதைத் தசைக்குள் செலுத்துவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். இந்நோயுள்ள பல பெண்களின் உடலில் தசை இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. சொன்னதைக் கேட்காத ஆளிடம் மேஸ்திரி குரலை உயர்த்துவதுபோல், கணையமும் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்தக் கூச்சல் சினைப்பையைக் கெடுக்கிறது. எல்லாப் பெண்களின் உடலிலும் சிறிதளவு இருக்கும் ஆண் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. முட்டை முதிராமல் நின்றுவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போகிறது. முகத்தில் ரோமமும் பருவும் தோன்றுகின்றன, தலைமயிர் உதிர்கிறது. பலருக்கு உடல் பருக்கிறது. ஒல்லியான பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு.

நீர்க்கட்டி என்ற பெயரே பாதி பயத்தை உண்டாக்குகிறது. ஸ்கேனில் தெரிபவை கட்டிகளே அல்ல. முதிராமல் நின்றுபோன முட்டைப் பைகள். அவற்றை அறுத்தெடுக்க வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வேறு. கவனிக்காமல் விட்டால் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் இளம் வயதிலேயே வந்து சேரலாம். மாதக்கணக்கில் விலக்கு ஆகாமல் போனால் கர்ப்பப்பையின் உட்தோல் தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் இடமாகலாம்.

ஆனால், ஊரில் இந்நோயைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ரோமம் நீக்குகிற அழகு நிலையக்காரன் பேசுகிறான். பிள்ளை வரம் தருவதாகப் பெரிய பலகை வைத்திருக்கிறவன் பேசுகிறான். பெண்ணின் முகமும் கர்ப்பப்பையும்தான் அவர்களுக்குச் சரக்கு. அவளுடைய ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பது அவர்கள் வியாபாரத்தில் சேராது. வீட்டிலோ, பிள்ளை இல்லாவிட்டால் 'மலடி' என்ற வசவு காத்திருக்கிறது. முட்டை முதிர உதவும் மாத்திரைகள் உண்டு. பலர் அவற்றாலேயே கருத்தரிக்கிறார்கள் என்பதை மாமியாருக்கு யார் சொல்வது? நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து, லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சைக்கு ஓடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

இந்நோயை முதலாளிதான் உண்டாக்கினான் என்று நாம் சொல்லவில்லை. இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நோயை அடக்கி வைக்க டாக்டர் சொல்லும் வழி என்ன? நேரத்துக்குச் சாப்பிடு, சோற்றைக் குறைத்துப் பருப்பும் காய்கறியும் சேர், தினமும் வேகமாக நட, நன்றாகத் தூங்கு. இவை மருந்துக் கடையில் விற்பவை அல்ல. நேரமும் கூலியும் இருந்தால்தான் கிடைப்பவை. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவிலும் தியாகராய நகர் நடேசன் பூங்காவிலும் காலையில் நடப்பவர்களைப் பாருங்கள். அந்த நேரத்தில் கடைப் பெண் எங்கே இருக்கிறாள்? விடுதியில் குளியலறை வாசலில் வரிசையில் நிற்கிறாள். அப்புறம் கடையில் நிற்கிறாள். நின்றே தேய்வது உடற்பயிற்சி ஆகுமா?

நடையும் உணவும் வெறும் உபதேசம் அல்ல என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். தனிக் கவனிப்பு இல்லாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்தியவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை தின்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். இது நீர்க்கட்டி நோயாளிகளிடம் செய்த ஆய்வு அல்ல. 531 பேரில் பெண்கள் 110 பேர்தான். ஆனாலும் சர்க்கரை நோயைத் தடுப்பதில் ஓய்வு வேளையும் நல்ல உணவும் ஒரு மருந்துக்குச் சமம் என்பதை அது காட்டிற்று. அப்படியானால் அவற்றை மறுப்பது மருந்தை மறுப்பதற்குச் சமம் அல்லவா?

இதில் ஒரு படி ஏறியிருக்கிறோம். கடைத் தொழிலாளிகளுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2018-இல் கேரளத்திலும், 2021-இல் தமிழ்நாட்டிலும் சட்டம் வந்தது. சட்டப் புத்தகத்தில் இருக்கை வந்துவிட்டது. ஒவ்வொரு கடையிலும் வந்துவிட்டதா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டியது சங்கத்தின் வேலை.

கடையில் மட்டும் அல்ல, ஆலையிலும் இதே நிலைதான். தமிழ்நாட்டு நூற்பாலைகளிலும் ஆடைத் தொழிலிலும் வேலை செய்யும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் ஒரு செய்தி நிறுவனம் விசாரித்து 2019-இல் வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்று சொன்னால், பெயர்கூட இல்லாத மாத்திரையைக் கொடுத்து வேலைக்கு அனுப்பினார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். வலியை அமுக்கினால் எந்திரம் ஓடும். உள்ளே இருக்கும் நோய் என்ன ஆகும்? வயலில் நாற்று நடும் பெண்ணோ, விலக்கு மூன்று மாதம் தள்ளிப்போனாலும் "வேலை அலுப்பு" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள்.

ஆகவே சில காரியங்கள் உடனே செய்ய வேண்டியவை. கர்ப்பம் இல்லாமல் மூன்று மாதம் விலக்கு ஆகாத பெண் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைராய்டு கோளாறாகவும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று நம் பாட்டிமார் அழைத்த கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி 1885 முதல் பெண்களுக்காகவே இருக்கிறது. கே.கே. நகரில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. அது தர்மம் அல்ல. உங்கள் கூலியில் நூறு ரூபாய்க்கு 75 காசு பிடித்து நடப்பது. வயது வந்த பெண்ணுக்கு விலக்குக் கோளாறும் ஆண் ஹார்மோன் மிகுந்த அறிகுறிகளும் சேர்ந்திருந்து, வேறு காரணம் இல்லையென்று டாக்டர் உறுதி செய்தால், ஸ்கேன் இல்லாமலே நோயைச் சொல்லிவிடலாம் என்கின்றன 2023-இல் வெளியான சர்வதேச நெறிமுறைகள்.

சர்க்காரிடம் நாம் கேட்பது: விலக்குக் கோளாறு என்று வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும், டாக்டர் எழுதினால் மெட்ஃபார்மினை அங்கேயே இலவசமாகத் தர வேண்டும். முதலாளியிடம் கேட்பது: இருக்கை, கழிப்பறை, சாப்பாட்டு நேரம், ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் கூலி வெட்டு இல்லாமை. சங்கத் தோழர்களிடம் கேட்பது: இதைப் 'பெண்கள் சமாசாரம்' என்று ஒதுக்காதீர்கள். போனஸ் பற்றிப் பேசும் அதே கூட்டத்தில், அதே மேஜையில், இந்தக் கோரிக்கையையும் எழுதி வையுங்கள்.