பால்வாடி மூடியாச்சு, ஷிஃப்ட் முடியல!

காலையில் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் போனால், ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் ரோட்டோரம் காத்திருப்பதைப் பார்க்கலாம். டாலர் ஈட்டித் தரும் இந்தத் தொழிலில் தையல் வேலை பெரும்பாலும் அவர்கள் கையில்தான். அந்த நேரத்தில் அவர்களுடைய மூன்று வயதுக் குழந்தை எங்கே?

அதான் பால்வாடி இருக்கே?

இருக்கிறது. 1975-ல் தொடங்கிய ஐசிடிஎஸ் திட்டத்தில் தமிழகத்தில் இன்று சுமார் 54 ஆயிரம் அங்கன்வாடி மையங்கள். சாப்பாடு, ஆரம்பக் கல்வி எல்லாம் இலவசம். ஆனால், பிற்பகலோடு மூடிவிடுவார்கள். எட்டு மணி நேர ஷிஃப்ட், அப்புறம் பஸ் பயணம். அம்மா வீடு திரும்ப இருட்டிவிடும். பாட்டியோ அக்காவோ இல்லாவிட்டால், வேலையை விடுவது அம்மாதான்.

கம்பெனியே காப்பகம் நடத்தணுமே?

ஆமாம். 50 பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும் என்றது 2017 மகப்பேறு சட்டத் திருத்தம். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 50தான். ஆனால், கூட்டம் நெரியும் பஸ்ஸில் கைக்குழந்தையைத் தூக்கிப்போவது எப்படி? வீட்டிலேயே ஜோடிக் கணக்கில் ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கோ, காப்பகம் கேட்க ஒரு கம்பெனியே கிடையாது.

அரசுப் பணம் வருதா?

'பால்னா' திட்டம் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம். செலவில் மத்திய அரசு 60%, மாநில அரசு 40%. ஆனால், விதிப்படி ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம்தான். ஷிஃப்ட்டே எட்டு மணி நேரம் ஆச்சே!

பணியாளர் கூடுதல் நேரம் இருக்கட்டும் என்று சொல்வதும் நியாயமில்லை. மத்திய அரசு 2018-ல் நிர்ணயித்த மாத மதிப்பூதியம் 4,500 ரூபாய். மாநில அரசு தருவதைச் சேர்த்தாலும் அது முழு நாள் சம்பளம் ஆகாது.

என்ன செய்யலாம்?

கம்பெனி பஸ் நிற்கும் ஊர்களில் மாலை வரை இயங்கும் மையங்களை முதலில் திறக்க வேண்டும். மாலை நேரத்துக்குத் தனி ஆள், தனிச் சம்பளம். வீட்டில் தைப்பவரின் குழந்தைக்கும் இடம். செலவில் ஏற்றுமதி நிறுவனங்களும் பங்கு தர வேண்டும்.

நிதி நிரந்தரமாகவும் இருக்க வேண்டும். 2019-ல் 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். 2022-ல் நிறுத்தப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் தொடரும் என்றார்கள். இன்று திறந்து நாளை மூடும் இடத்தை நம்பி எந்த அம்மாவும் பஸ் ஏற மாட்டார்.