நின்ற உலக்கை

வானம் எல்லார்க்கும் பொது. அதனைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை, காவலும் இல்லை. எனினும் அதனைக் கண்ணாற் காண்பாரினும் காதாற் கேட்பாரே பலர். கண்டவர் சொல்லுக்குச் சான்று வேண்டும். கேட்டவர் சொல்லுக்கோ, ‘ஊரெல்லாம் சொல்கிறதே!’ என்பது ஒன்றே போதும்.

மதுரை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த வைகைக்கரை ஊர்களிலும் உலக்கை ஓய்வு பெற்று நெடுநாள் ஆயிற்று. நெல் குத்தும் பணியை ஆலைகள் ஏற்றுக்கொண்டன. ஆயினும், மூலையிற் சார்த்தப்பட்ட உலக்கைக்குக் கிரகண நாளில் மட்டும் பெருமதிப்பு உண்டாகிறது. பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் கரைத்த நீரை ஊற்றி, நடுவே உலக்கையை நிறுத்துவர். கிரகணம் பிடித்திருக்கும் வரையில் அது துணையின்றி நிற்கும். விட்டதும் சாயும் என்பர். 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில், திண்டுக்கல் வட்டாரத்தில் கதிரவன் பொன் வளையம் போலத் தோன்றினான். அத்தகைய அரிய காட்சி வானில் நிகழ, தமிழ்நாட்டின் ஊர்கள் பலவற்றில் மக்கள் குனிந்து தாம்பாளத்தையே நோக்கிக்கொண்டிருந்தனர்!

உலக்கை நின்றது உண்மை. நின்றதற்குக் காரணம் யாது? உலக்கையின் அடி தட்டையானது; அதற்கு இரும்புப் பூண் உண்டு. அதன் எடை முழுவதும் அவ்வடிக்கு நேர்மேலே அமையுமாறு பொறுமையோடு நிறுத்தினால் அது எந்நாளும் நிற்கும். செவ்வாய்க்கிழமையும் நிற்கும், மழை நாளிலும் நிற்கும். ஆனால், மற்ற நாட்களில் அதனை நிறுத்திப் பார்ப்பார் ஒருவரும் இலர். கிரகணத்தன்று மட்டுமே நிறுத்துகின்றனர். ஆதலால் கிரகணத்தன்று மட்டுமே நிற்கிறது!

கதிரவனும் திங்களும் ஒரு பக்கம் நின்று இழுப்பதால் உலக்கை நிமிர்கிறது என்று சிலர் அறிவியல் மொழியிலும் பேசுவர். அவ்விரண்டும் ஒரு பக்கம் நிற்பது அமாவாசை தோறும் நிகழ்வதே. அன்றியும், கனத்த உலக்கையை நிமிர்த்தும் இழுவிசை, அருகிற் கிடக்கும் துடைப்பத்தை ஏன் நிமிர்த்தவில்லை? தாம்பாளத்து நீரை ஏன் மேலே எழுப்பவில்லை? இவ்வினாக்களுக்கு விடை கூறுவார் இலர்.

கிரகணம் என்பது நிழலின் விளையாட்டே. கதிரவனுக்கும் நிலவுலகிற்கும் இடையே திங்கள் வருமாயின் கதிரவன் மறைகிறான்; நிலவுலகின் நிழல் திங்களின்மேல் விழுமாயின் திங்கள் மறைகிறது. இதனை ஆரியபட்டர் கி.பி. 499ஆம் ஆண்டளவிலேயே விளக்கினார். பாம்பு விழுங்குவதாகப் புலவர்கள் பாடியது உவமை நயம். அதனை வானநூலாகக் கொள்ளுதல் புலவர்க்கும் நீதியன்று, வானநூலார்க்கும் நீதியன்று. பாம்பு தன் விருப்பப்படி விழுங்குவது உண்மையாயின், அது உண்ணும் வேளையையும் உமிழும் வேளையையும் பஞ்சாங்கத்தார் முன்னதாகவே அச்சிடுவது எங்ஙனம்?

1962ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் முதல் வாரத்தில் இந்தியா முழுவதும் ஓர் அச்சம் பரவியது. மகர ராசியில் எட்டுக் கோள்கள் கூடுகின்றன. உலகம் அழியப்போகிறது என்றனர். வேள்விகள் பல நடந்தன. அவ்வெட்டனுள் கதிரவனும் திங்களும் அடங்கும்; எட்டாவதான கேதுவோ, கோளே அன்று; திங்களின் வழியும் கதிரவனின் வழியும் வெட்டிக்கொள்ளும் ஓர் இடமே அது. பந்தியில் எண்மர் அமர்ந்தனர் என்று இலை எண்ணியவர்கள், ஓர் இலையின் முன் ஆளே இல்லாமையைக் கண்டிலர்! எஞ்சியவையேனும் ஒன்றையொன்று நெருங்கினவோ எனின், அதுவும் இல்லை. மதுரைக்குக் கிழக்கே நின்று மேற்கே நோக்குவார்க்குக் கோயிற் கோபுரமும் நாகமலையும் ஒட்டி நிற்பன போலத் தோன்றக்கூடும். இடையே பல கிலோமீட்டர் தொலைவு உண்டு. கோள்களின் கூட்டமும் அத்தகைய தோற்றமே. குறித்த நாள் கடந்தது. மறுநாளும் பொழுது புலர்ந்தது. பால்காரர் வழக்கம் போலப் பால் கொண்டு வந்தார்.

இக்காலத்தில் வேறொரு கூட்டத்தார் தோன்றியுள்ளனர். நிலவுலகம் தட்டையானது என்றும், உருண்டை என்பது எல்லா நாட்டு அரசுகளும் கூடிச் செய்த சூழ்ச்சி என்றும் அவர்கள் கூறுகின்றனர். கிரகணத்தின்போது திங்களின்மேல் விழும் நிழலின் விளிம்பு எப்பொழுதும் வட்டமாகவே இருத்தலை அவர்கள் நோக்குவதில்லை. துருவ விண்மீன் மதுரையில் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 10 பாகை உயரத்திலும், தில்லியில் 28 பாகைக்கு மேலும் தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவில் தோன்றுவதே இல்லை. தட்டைத் தரையாயின் அது எங்கே ஒளிந்தது? கோடைக்கானல் மலையில் 1901ஆம் ஆண்டு முதல் கதிரவனை ஆராய்ந்து வருகின்றனர். அங்குப் பணி செய்த தலைமுறைகள் பல. மாலுமிகளும் வானூர்தி ஓட்டுநர்களும் எண்ணிறந்தோர். இத்தனை பேரும் கூடி ஒரு பொய்யைக் காத்தனராம்! தெருவில் ஒரு வீட்டுத் திருமணப் பேச்சே மூன்று நாள் மறைவாக நில்லாத நாட்டில், நூறாண்டுக்கு மேலாக ஒரு மறைபொருள் நின்றது என்பது உலக்கை நின்றதினும் பெரிய வியப்பன்றோ?

உலக்கையை நிறுத்துவதால் கேடு ஒன்றும் இல்லையே எனச் சிலர் வினவலாம். வேடிக்கையோடு அமையின் கேடு இல்லை. ஆனால் அறியாமை வேடிக்கையோடு நின்றுவிடுவதில்லை. உலக்கை நின்ற அதே நாளில், கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில், உடற்குறையுள்ள குழந்தைகளைக் குணமாகும் என்று நம்பிக் கழுத்தளவு மண்ணிற் புதைத்து வைத்தனர். பெற்றோர் கொடியவர் அல்லர். பிள்ளைகள்மேல் அன்பு கொண்டவர்களே. அன்பிற்கு அறிவு துணை நில்லாவிடின், அவ்வன்பே குழந்தையை மண்ணில் புதைக்கும். கருவுற்ற பெண்களை இருட்டறையில் நீரும் உணவும் இன்றி அடைத்து வைப்பதும் இத்தகையதே. கிரகணத்தின்போது கொள்ளத்தக்க எச்சரிக்கை ஒன்று உண்டு. கதிரவனை வெறுங்கண்ணால் நோக்கலாகாது. பார்வை கெடும். தக்க காப்புக் கண்ணாடி கொண்டே காணல் வேண்டும். அச்சுறுத்துவோர் பலர் இருப்ப, இந்த ஓர் உண்மை அவர்தம் கூச்சலில் அமிழ்ந்துவிடுகிறது.

2031ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், தமிழ்நாட்டின் தென்பகுதியில் கதிரவன் மீண்டும் வளையமாகத் தோன்றுவான். அன்று உலக்கையைப் பற்றிய பேச்சும் எழும். அறிவுடைய மாணவர் வாதிட வேண்டுவதில்லை. முதல் நாளாகிய மே 20ஆம் நாளே உலக்கையை முற்றத்தில் நிறுத்திக் காட்டினால் போதும். மறுநாள் உலக்கையை மூலையிற் சார்த்திவிட்டு, அனைவரும் கண்ணாடி அணிந்து வானத்தை நோக்கலாம்.