பென்சில் பிடித்தால் பக்தி போய்விடுமா?

பிரபந்தப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதுகிறவன் பக்தியை விட்டு ஆராய்ச்சியில் விழுந்துவிடுகிறான் என்கிறார் நண்பர். தினமும் திருவாய்மொழி சேவிக்கிறவர் இப்படிச் சொல்வதுதான் வேடிக்கை. அவர் தலைமேல் வைத்துக் கொண்டாடும் திருவாய்மொழி உரையான ஈடு 36,000 படி எங்கிருந்து வந்ததாம்? பகலில் நம்பிள்ளை சொன்ன விளக்கங்களை இரவில் ஓலையில் எழுதிவைத்தார் வடக்குத் திருவீதிப்பிள்ளை. முழுக்க முழுக்க மாணவர் எடுத்த குறிப்பு. அதுவும் ஆசாரியரிடம் கேட்காமலே எடுத்தது என்கிறது சம்பிரதாயம்.

கேள்வி கேட்டால் நம்பிக்கை கரைந்துவிடும் என்பது அவருடைய அடுத்த வாதம். திருமாலையாண்டான் திருவாய்மொழிப் பாடம் சொன்னபோது இராமானுசர் பல இடங்களில் குறுக்கிட்டு வேறு பொருள் சொன்னார். ஆண்டான் கோபித்துக்கொண்டு பாடத்தையே நிறுத்தினார். திருக்கோட்டியூர் நம்பி வந்து சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. இராமானுசருக்கு பக்தி குறைந்துவிட்டதா என்ன? உரைகாரர்களும் இந்த வேறுபாட்டை மூடி மறைக்கவில்லை. ஆண்டான் சொன்னது இது, எம்பெருமானார் (இராமானுசர்) சொன்னது இது என்று அருகருகே பதிந்தார்கள்.

ஆழ்வாரின் காலத்தைக் கணிப்பதிலேயே ஆயுளைக் கழித்து, ஒரு பாசுரத்தைக்கூட வாய்விட்டுச் சொல்லாதவர்கள் உண்டுதான். அவர்களைக் கண்டிக்கட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன். அதற்காக ஓரத்தில் எழுதுகிறவர் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்குவானேன்?