நம்ம ரெக்கார்டும் அவங்க ரெக்கார்டும்



'ரெக்கார்டு' என்றாலே நம் கண் முன்னால் வருவது எது? பிரவுன் அட்டை போட்டு, சப்மிட் பண்ண மூன்று நாள் இருக்கும்போது ராத்திரி கண்விழித்து, அடுத்தவன் நோட்டைப் பார்த்து எழுதுகிறோமே... அந்த ரெக்கார்டு நோட்டுதானே! நான் எழுத வந்தது வேறொரு ரெக்கார்டைப் பற்றி. 1977-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் இசைத்தட்டு. ஆனால் சுற்றிச் சுற்றி நம்ம ரெக்கார்டு நோட்டில்தான் வந்து நிற்பேன். பொறுத்துக் கொள்ளுங்கள்.

போன வருடம் ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன் தன் இயர்போனில் ஒன்றை என் காதில் செருகி, "கேளுடா" என்றார். மூன்று நிமிடம்கூட இல்லை. "என்னண்ணே, பாட்டா இது? ஒர்க் ஷாப்புல லேத் ஓடுற மாதிரி இருக்கு!" என்றேன். நடுவில் கிட்டார் மட்டும் தனியாக வருகிறது. அதிலும் இரண்டே இரண்டு ஸ்வரம்தான். அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். அண்ணன் சிரித்தார். "இதைப் பண்ணவங்களும் நம்மள மாதிரி பசங்கதான்டா" என்றார்.

உண்மைதான். மான்செஸ்டர் பக்கத்தில் போல்ட்டன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு தொழில்நுட்பக் கல்லூரி. 1975-இல் ஹோவர்ட் டெவோட்டோ என்ற மாணவர், 'என்னோடு சேர்ந்து இசைக்க யாராவது வருகிறீர்களா' என்று அந்தக் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒரு சீட்டு ஒட்டினார். அதைப் பார்த்து வந்தவர் பீட் ஷெல்லி. இப்படிப் பிறந்ததுதான் 'பஸ்காக்ஸ்' இசைக்குழு. ஸ்டீவ் டிகிள் சேர்ந்தார். டிரம்ஸ் வாசித்த ஜான் மாஹருக்கு வயது பதினாறு!

அந்தக் காலத்தில் தட்டு வெளியிட வேண்டும் என்றால் லண்டனில் இருக்கும் பெரிய கம்பெனிக்காரர் மனது வைக்க வேண்டும். இவர்கள் காத்திருக்கவில்லை. வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கி 500 பவுண்டு சேர்த்தார்கள். 1976 டிசம்பர் 28 அன்று மான்செஸ்டரில் 'இண்டிகோ' ஸ்டுடியோவுக்குப் போனார்கள். ஒரே நாளில் நான்கு பாட்டும் முடிந்தது. ஒலிப்பதிவை மேற்பார்த்தவர் மார்ட்டின் ஹானெட். தட்டின் பெயர் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'. கம்பெனியின் பெயர் 'நியூ ஹார்மோன்ஸ்'. அப்படி ஒரு கம்பெனியே அதற்கு முன் கிடையாது, அவர்களே வைத்துக்கொண்ட பெயர்! உறைக்குப் படம் எடுத்ததும் அவர்களுடைய நண்பர் ரிச்சர்ட் பூன்தான். ஊர் நடுவே இருக்கும் ஒரு சிலைக்குக் கீழே நால்வரையும் நிற்க வைத்து, போலராய்டு கேமராவில் ஒரு கிளிக்.

1977 ஜனவரி கடைசியில் தட்டு வெளிவந்தது. முதலில் அடித்தது 1000 பிரதி. பின்னால் விற்றது ஏறக்குறைய 16,000. கடைகளிலும் தபாலிலுமாக விற்ற கணக்கு இது!

பணக் கணக்கை விடுங்கள். என்னைத் தூக்கிவாரிப் போட்டது உறையில் இருந்த ஒரு விஷயம். ஒவ்வொரு பாட்டின் பெயரோடும், இது எத்தனையாவது டேக், பின்னால் கிட்டார் சேர்த்தோமா இல்லையா என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒரு பாட்டு மூன்றாவது டேக்கில் ஓ.கே. ஆகியிருக்கிறது. எதையும் மறைக்கவில்லை. 'இதோ பார், இப்படித்தான் செய்தோம், நீயும் செய்யலாம்' என்று வாங்குகிறவனுக்குச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

நண்பர்களே, இதுதானே ரெக்கார்டு நோட்டு? செய்ததைச் செய்தபடி எழுதுவது!

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் ஆண்டில் டயோடு எக்ஸ்பெரிமென்ட். எனக்கு சர்க்யூட் வேலை செய்யவில்லை. பக்கத்து பெஞ்ச் நண்பனின் ரீடிங்கை அப்படியே எடுத்து, நம்பருக்கு நம்பர் லேசாக மாற்றி, கிராஃபும் அழகாக வரைந்து நீட்டினேன். லேப் சார் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, நீ உக்காந்த டேபிள்ல அன்னிக்கு சப்ளையே வரலியேப்பா. உனக்கு மட்டும் எப்படி ரீடிங் வந்துச்சு?" திட்டவில்லை, கையெழுத்தும் போடவில்லை. 'சப்ளை இல்லை, ரீடிங் எடுக்கவில்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்று தலை நிமிர்ந்து நின்றிருப்பேன். அந்த ஒரு வரி எழுத எனக்குத் தைரியம் இல்லை. இருபது வயதுகூட ஆகாத ஜான் மாஹர் வாசித்த தட்டின் உறையில் அந்தத் தைரியம் இருந்தது.

"அட போப்பா, அவங்களும் கடைசியில் பெரிய கம்பெனிக்குத்தானே போனாங்க?" என்று கேட்பீர்கள். போனார்கள். 1977 ஆகஸ்டில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்குள் டெவோட்டோ குழுவை விட்டே விலகிவிட்டார். இதில் தப்பு ஒன்றும் இல்லை என்பேன். முதல் வேலை தங்கள் கையால் நடந்தது, அதைக் காட்டிய பிறகுதான் கம்பெனிக்காரன் கதவைத் திறந்தான். நாமும் நாளைக்கு ஏதோ ஒரு கம்பெனி வாசலில்தான் நிற்கப் போகிறோம். கையில் எதைக் கொண்டு நிற்போம், காசு கொடுத்து வாங்கிய ரெடிமேடு ப்ராஜெக்டையா?

"அவங்களுக்கு 500 பவுண்டு கிடைச்சது, எங்களுக்கு யார் தருவா?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. பணம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆனால் மூன்றாவது டேக் என்று எழுத எத்தனை பவுண்டு வேண்டும்?

அந்தச் சின்னத் தட்டைப் பார்த்துத் தாங்களும் துணிந்தவர்கள் பலர். 1978-இல் மான்செஸ்டரிலேயே 'ஃபேக்டரி' என்ற இசை நிறுவனம் எழுந்தது. மார்ட்டின் ஹானெட் அதிலும் ஒரு பங்காளி. பெரிய கம்பெனிகளைச் சாராத இசையை 'இண்டி' என்று அந்நாட்டில் அழைக்க ஆரம்பித்தார்கள். பீட் ஷெல்லி 2018-இல் காலமானார். அந்த இரண்டு ஸ்வரம் இன்னும் ஒலிக்கிறது.

இந்த வருடம் என் ப்ராஜெக்ட் ஒரு தண்ணீர்த் தொட்டி அலாரம். சின்ன வேலைதான். இரண்டு ஐ.சி. கருகிப் போச்சு. மூன்றாவது தடவைதான் மணி அடித்தது. ரிப்போர்ட்டில் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறேன்: மூன்றாவது டேக்.

வைவாவில் கேட்கட்டும், பதில் சொல்லிக்கொள்கிறேன்!