கண்ணி வெடியும் புரட்டாசிப் பட்டமும்

புரட்டாசி மழையை எதிர்பார்த்து விதைக்கும் விளாத்திகுளம் வட்டார மானாவாரி விவசாயி, உளுந்தோ பாசியோ கம்போ விதைக்கும்போது வானத்தைத்தான் அடிக்கடி பார்ப்பார். காலை எங்கே வைக்கிறோம் என்று பார்ப்பதில்லை. அவருடைய கரிசல் காட்டில் அதற்கு அவசியமும் இல்லை.

வேம்பாறு, வைப்பாறு கரையிலிருந்து கடலைத் தாண்டினால் எதிர்க்கரையில் இருப்பது மன்னார். இரண்டு கரையிலும் ஒரு காலத்தில் முத்துக் குளித்தார்கள். மண்ணிலும் ஓர் உறவு உண்டு. மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதி நிலம், கோடையில் பிளந்து மழையில் உப்பிக் கூடும் கருங்களிமண் வகையைச் சேர்ந்தது. கட்டுக்கரைக் குளத்துப் பாசனத்தில் நெல் விளையும் மாவட்டம் அது. அந்த மாவட்டத்திலும் வன்னியின் பிற பகுதிகளிலும் 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகும் விவசாயிகள் உடனே ஏர் பூட்ட முடியவில்லை. நிலத்தில் மிதிவெடி இருந்தது.

மிதிவெடி என்பது ஆள் மிதித்தால் வெடிக்கும் சிறு கண்ணி வெடி. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கும். மரப்பெட்டியில் செய்ததும் உண்டு. சில கிலோ எடை அழுத்தினால் போதும், வெடித்துவிடும். வைத்தவர் யார், மிதித்தவர் யார் என்று அதற்குத் தெரியாது. போர் முடிந்த செய்தியும் அதற்கு எட்டாது. கரிசல் போன்ற மண்ணில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும் மண், மேலிருப்பதைக் கீழே இழுக்கும். கீழிருப்பதை மேலே தள்ளும். இதை ஒவ்வோர் ஆண்டும் கல் பொறுக்கும் விவசாயிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வைத்த இடத்தில் வைத்தபடி வெடி இருக்கும் என்று வரைபடத்தை நம்பி உழ முடியாது.

இவ்வகை வெடிகளைத் தடை செய்யும் சர்வதேச உடன்படிக்கை 1997 டிசம்பர் 3 அன்று கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1999 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேரும் நாடு கையிருப்பை 4 ஆண்டுகளில் அழிக்க வேண்டும். தன் மண்ணில் புதைந்துள்ளதை 10 ஆண்டுகளில் அகற்ற வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை மறுஆய்வு மாநாடு கூடுகிறது. 2004-ல் நைரோபி, 2009-ல் கார்டகெனா, 2014-ல் மபுட்டோ, 2019-ல் ஆஸ்லோ, 2024 நவம்பரில் கம்போடியாவின் சியம் ரீப். அடுத்தது 2029-ல் வருகிறது. அதற்கான தயாரிப்பு என்பது ராஜதந்திரிகள் அறிக்கை எழுதும் வேலை என்று விட்டுவிடக் கூடாது. வேளாண்மை தெரிந்தவர்களும் அதில் கலந்துகொள்ள வேண்டும்.

காரணம் இதுதான். மாநாடுகளில் எத்தனை வெடி எடுத்தோம், எத்தனை சதுர மீட்டர் துப்புரவு செய்தோம் என்று கணக்குக் காட்டுகிறார்கள். விவசாயிக்கு அந்தக் கணக்கு பாதிதான். இலங்கையின் வடபகுதியில் பெரும்போகமான காலபோகம் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. புரட்டாசி, ஐப்பசிக்கு முன் நிலம் கைக்கு வந்தால் அந்த ஆண்டே விதைக்கலாம். அதே நிலத்தைத் தை மாதத்தில் ஒப்படைத்தால் அறிக்கையில் அது வெற்றி. விவசாயிக்கோ ஒரு வருட வெள்ளாமை போயிற்று. ஒப்படைத்த நிலமும் உடனே நெல்லுக்கு ஆயத்தமாக இராது. ஆள் நடமாடாமல் கிடந்த பூமியில் காடு மண்டியிருக்கும், வரப்பு கரைந்திருக்கும், கிணறு தூர்ந்திருக்கும், எல்லைக்கல் இருந்த இடம் தெரியாது. வெடி எடுப்பதற்காகத் தோண்டிய இடத்தில் அடிமண் மேலே வந்திருக்கும். தொழு உரமோ பசுந்தாள் உரமோ இட்டுத்தான் அதைத் தேற்ற வேண்டும். வெடி அகற்றும் நிதியோடு வரப்புக்கும் கிணற்றுக்கும் விதைக்கும் ஒரு பங்கு சேர்ந்து வராவிட்டால், துப்புரவு செய்த நிலம் மறுபடியும் முள் மண்டித்தான் கிடக்கும்.

அகற்றும் வேலையும் ஒருவகையில் உழவு வேலை போன்றதே. முகமாலையில் இரு படைகளும் நெடுங்காலம் எதிரெதிரே நின்ற முன்னரங்கப் பகுதியில், முழங்காலிட்டு மண்ணைக் கொஞ்சங்கொஞ்சமாக இரும்பு வாரியால் வறண்டி வெடிகளைத் தேடினார்கள். அவ்வேலையில் இறங்கியவர்களில் போரில் கணவனை இழந்த பெண்கள் பலர். இந்தியாவும் தன் செலவில் கண்ணி வெடி அகற்றும் குழுக்களை அங்கே அனுப்பியது. கம்போடியாவில் எலிகளைப் பழக்கி வெடிமருந்தை மோப்பம் பிடிக்க விடுகிறார்கள். மகாவா என்ற எலிக்கு 2020-ல் பிரிட்டனில் தங்கப் பதக்கமே கொடுத்தார்கள். எலிக்கு நஞ்சு வைத்தே பழகிய நம் விவசாயிகளுக்கு இது வேடிக்கையாகத்தான் தோன்றும்.

இலங்கை 2017 டிசம்பரில் உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்தியா இன்றுவரை சேரவில்லை. நீண்ட எல்லை, இரு பக்கத்திலும் பகை, வெடிக்கு மாற்று ஏற்பாடு கிடைக்கவில்லை என்பது அரசின் வாதம். கண்ணி வெடிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் வேறொரு உடன்பாட்டில் இந்தியா இருக்கிறது. ஒட்டாவா கூட்டங்களுக்குப் பார்வையாளராகப் போகிறது. அந்த வாதத்தை அற்பம் என்று தள்ள முடியாது. 2025-ல் லாட்வியா, லித்துவேனியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய 5 நாடுகள் ரஷ்ய எல்லையைக் காரணம் காட்டி உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டன. தடைக்கு இது பலத்த அடி.

ஆனால் எல்லையில் வெடி வைத்தால் அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்டதும், பஞ்சாப், ராஜஸ்தான் எல்லையில் விவசாயிகளின் பட்டா நிலங்களில் கண்ணி வெடிகள் வைக்கப்பட்டன. போர் நடக்கவில்லை. வைத்த வெடிகளை எடுக்க வேண்டியதாயிற்று. வைக்கும்போதும் எடுக்கும்போதும் ராணுவ வீரர்கள் உயிரும் காலும் இழந்தார்கள். விவசாயிகள் பயிரையும் பருவத்தையும் இழந்து, நஷ்ட ஈட்டுக்கு அலைந்தார்கள். உலக அளவிலும் இதே கதைதான். கண்ணி வெடியாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் 2023-ல் மட்டும் குறைந்தது 5,757 பேர் செத்தோ ஊனமுற்றோ போனார்கள் என்று தடை இயக்கத்தின் ஆண்டறிக்கை கூறுகிறது. அவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் குடிமக்கள்.

எனவே 2029-க்குள் இந்தியா கையெழுத்திடுமா என்ற கேள்விக்குக் காத்திராமல் செய்யக்கூடியவை உண்டு. வெடி வைக்கப்பட்டு இன்னும் திரும்பாத விவசாய நிலம் எவ்வளவு என்று கிராம வாரியாகக் கணக்கு வெளியிடலாம். நஷ்ட ஈட்டை ஒரே தொகையாக இல்லாமல், இழந்த ஒவ்வொரு போகத்துக்கும் அந்தப் பயிரின் விலைப்படி கொடுக்கலாம். மாநாட்டுக்குப் போகும் குழுவில் ஒரு மண்ணியல் நிபுணரையும் சேர்த்து அனுப்பலாம். உடன்படிக்கையில் உள்ள ஓட்டையையும் அவர் அங்கே எடுத்துச் சொல்லலாம். அது ஆள் மிதிக்கும் வெடியை மட்டுமே தடுக்கிறது. வாகனத்தை எதிர்க்கும் பெரிய வெடியைத் தடுக்கவில்லை. கம்போடியாவில் டிராக்டரோடு விவசாயிகள் சிதறியது அந்தப் பெரிய வெடிகளால்தான். மாட்டு ஏர் நூறு முறை போய்வந்த இடத்தில்கூட டிராக்டரின் எடைக்கு அது வெடிக்கும்.

விளாத்திகுளம் விவசாயிகளிடம் சொல்ல இன்னொன்றும் உண்டு. மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி அழிக்கிறது என்பது உண்மையான வேதனை. ராத்திரி முழுதும் காவல் இருந்து கண் கெட்டவர்கள் பலர். அதற்காகத் தமிழகத்தின் மலையடிவாரங்களில் சிலர் வைக்கும் அவுட்டுக்காயோ, கள்ளத்தனமாக இழுக்கும் மின்வேலியோ இங்கே பரவிவிடக் கூடாது. அவையும் மிதிவெடிக்குத் தம்பிகளே. பன்றிக்கு வைத்ததில் பக்கத்துக் காட்டுக்காரரின் பசுவின் வாய் சிதறும். விடியுமுன் காட்டுக்குப் போகும் சம்சாரி கம்பியில் விழுவார். அது சட்டப்படியும் குற்றம். பன்றி பிரச்சினைக்கு வனத்துறையும் வேளாண் துறையும் விரைந்து நஷ்ட ஈடும் வேலி மானியமும் தருவதே வழி. அதைக் கேட்டுப் பெற விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து மனுக் கொடுப்பது நல்லது.

எதிர்க்கரையில் வெடி அகற்றி முடிக்க உடன்படிக்கைப்படி இலங்கைக்கு முதலில் விதிக்கப்பட்ட கெடு 2028 ஜூன் 1. காலபோக விதைப்புக்கு அது ஏறத்தாழ நான்கு மாதம் முந்திய தேதி. கெடு தவறாவிட்டால் வரப்புக் கட்டவும், கிணறு தூரெடுக்கவும், விதைநெல் தேடவும் அந்த நான்கு மாதம் சரியாக இருக்கும்.