காதில் விழுவதும் கேட்பதும்

"காதுல விழுதுப்பா. என்ன சொல்றாங்கன்னுதான் புரியல." கல்யாணப் பந்தியில் அப்பா சொன்னது. மறுவாரம் ஆடியோகிராம் எடுத்தோம். "வயசுக்கு நார்மல்தான். கொஞ்சம் கவனிச்சுக் கேட்கச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஆக, குறை காதில் இல்லையாம், மனிதரிடமாம். இந்தத் தீர்ப்பைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

அந்தச் சோதனை என்ன செய்கிறது? ஒலி புகாத அறையில் உட்காரவைத்து, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு 'பீப்'பும் எத்தனை டெசிபலில் காதில் விழுகிறது என்று குறித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். நிசப்தத்தில் ஒற்றை ஒலியைக் கண்டுகொள்வது ஒரு வேலை. மேளத்துக்கும் பாத்திரச் சத்தத்துக்கும் நடுவே எதிரில் இருப்பவர் பேச்சைப் பிரித்தெடுப்பது முற்றிலும் வேறு வேலை. எங்கள் தொழிலில் இது தினசரிக் கதை. யூனிட் டெஸ்ட் அத்தனையும் பாஸ், புரொடக்‌ஷனில் சிஸ்டம் படுத்துக்கிடக்கும். அதற்காக யூசரைப் போய்த் திட்ட முடியுமா?

முதுமையில் பெரும்பாலும் முதலில் மங்குவது உயர் அதிர்வெண்கள். உயிரொலிகளின் பலம் கீழே இருக்கிறது. மெய்களைப் பிரித்துக்காட்டும் நுணுக்கத்தில் பெரும்பகுதி மேலே இருக்கிறது. அதனால் குரல் கேட்கும், 'பட்டா' 'தட்டா' என்பது தெரியாது. 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் சராசரியை மட்டும் பார்த்தால் இந்தச் சரிவு கண்ணில் படாது.

வரைபடம் முழுக்கச் சரியாக இருந்தாலும் கதை முடிவதில்லை. 2009இல் குஜாவாவும் லிபர்மனும் சுண்டெலிகளைப் பெருஞ்சத்தத்துக்கு உட்படுத்தினார்கள். கேட்கும் திறன் சோதனையில் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் செவி நரம்பின் இணைப்புகளில் பல நிரந்தரமாக அழிந்திருந்தன. மனிதர்களில் இதன் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் 'சோதனை சரி, எனவே காது சரி' என்ற வாதத்தை உடைக்க இதுவே போதும்.

ஆடியோகிராம் வீண் என்று சொல்லவில்லை. கேள்கருவியைப் பொருத்த அது வேண்டும். ஆனால் இரைச்சலில் பேச்சைச் சோதிக்கும் முறைகளும் இருக்கின்றனவே! கார்ஹார்ட்டும் டில்மனும் 1970லேயே அதை வலியுறுத்தினார்கள். தினசரிச் சிரமங்களை முதியவரிடமே கேட்டறியும் கேள்வித்தாள் 1982 முதல் உண்டு. அதை நிரப்ப ஒலி புகாத அறைகூடத் தேவையில்லை.

அப்பா இப்போதெல்லாம் கல்யாணங்களுக்கு வருவதில்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். அவருடைய ரிப்போர்ட்டில் இன்னமும் 'நார்மல்' என்றுதான் இருக்கிறது. "எங்கே சிரமப்படறீங்க?" என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.