எவ்ரிஒன் என்றால் யார் யார்?

வீட்டிற்கு இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தவுடன் அனைவருக்கும் வரும் ஆசை ஒன்றுதான். ஒன்றில் உள்ள பைலை மற்றதில் திறக்க வேண்டும். ஒரே பிரிண்டரில் இரண்டிலிருந்தும் அச்செடுக்க வேண்டும். நியாயமான ஆசை. பென் டிரைவைக் கையில் வைத்துக் கொண்டு ஹாலுக்கும் அறைக்கும் நடக்க வேண்டாம் அல்லவா?

ஆனால் நெட்வொர்க் அமைக்கும்போது பாஸ்வேர்ட் கேட்டுத் தொல்லை வந்தால், விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் யோசனை இது: "பாஸ்வேர்ட் ப்ரொடெக்டட் ஷேரிங்கை ஆப் செய்யுங்கள். எவ்ரிஒன் பெயருக்கு புல் கன்ட்ரோல் கொடுங்கள். எல்லாம் சரியாகிவிடும்." இந்த யோசனை தவறு என்கிறேன். பட்டுத் தெரிந்து கொண்டு சொல்கிறேன்.

என் கம்ப்யூட்டரின் டி டிரைவ் முழுவதையும் இப்படித்தான் திறந்து வைத்திருந்தேன். அண்ணன் மகனின் லேப்டாப்பில் அது இசட் டிரைவ் என்ற பெயரில் தெரிந்தது. ஒரு நாள் இடம் போதவில்லை என்று அவன் வேண்டாத போல்டர்களை அழித்தான். இசட் டிரைவும் தன் லேப்டாப்பில் உள்ளது என்றே நினைத்தான். அழிக்கவா என்ற கேள்விக்கு யெஸ் கொடுத்தான். போனது, அப்பாவின் பழைய போட்டோக்களை நான் ஸ்கேன் செய்து வைத்திருந்த போல்டர். ரீசைக்கிள் பின்னில் தேடினோம். அவன் லேப்டாப்பிலும் இல்லை, என் கம்ப்யூட்டரிலும் இல்லை.

நெட்வொர்க் வழியாக அழிக்கப்படும் பைல் பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குச் செல்வதில்லை, நேரடியாக அழிந்துவிடும். ரெக்கவரி புரோகிராம் போட்டுச் சில படங்களை மீட்டேன். மற்றவை போனது போனதுதான். அவற்றில் பாதிக்கு ஒரிஜினல் இப்போது யாரிடமும் இல்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. அழிக்கும் உரிமையைக் கொடுத்தவன் நான்.

சரி, பாஸ்வேர்ட் தொல்லைக்கு என்ன வழி? பெரும்பாலும் அதன் காரணம் சிறியது. நாம் தினமும் பின் நம்பர் கொடுத்து விண்டோஸைத் திறக்கிறோம். நெட்வொர்க்கில் அடுத்த கம்ப்யூட்டர் கேட்பது அந்த பின் நம்பரை அல்ல. அங்குள்ள யூசர் அக்கவுண்ட்டின் பெயரையும் பாஸ்வேர்டையும். எனவே பைல்கள் உள்ள கம்ப்யூட்டரில் வீட்டாருக்கென ஒரு லோக்கல் அக்கவுண்ட் உருவாக்கி, அதற்கு பாஸ்வேர்ட் கொடுங்கள். அடுத்த கம்ப்யூட்டரில் அதை ஒரு முறை டைப் செய்து, நினைவில் வைத்துக் கொள்ளும்படி டிக் செய்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

அடுத்து, முழு டிரைவையும் ஷேர் செய்யாதீர்கள். இரண்டு போல்டர்கள் போதும். ஒன்று, எல்லாரும் பைல் போட்டு எடுக்கும் "பொது". மற்றொன்று, பார்க்க மட்டுமே உதவும் "படங்கள்". போல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங் டேப், ஷேர் எனச் செல்லுங்கள். அந்த அக்கவுண்ட்டைத் தேர்ந்தெடுத்து, பொதுவுக்கு ரீட்/ரைட், படங்களுக்கு ரீட் மட்டும் கொடுங்கள். வீட்டு வைபையை ப்ரைவேட் நெட்வொர்க் என்றும், வெளியிடங்களின் வைபையைப் பப்ளிக் என்றும் அமைக்க மறக்க வேண்டாம்.

பிரிண்டருக்கு இவ்வளவு வேலை இல்லை. வைபை உள்ள பிரிண்டர் என்றால் ஷேரிங்கே தேவையில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நேரடியாகச் சேர்த்துக் கொள்ளலாம். யுஎஸ்பி பிரிண்டர் என்றால் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் டேப் சென்று டிக் செய்யுங்கள். அது இணைந்துள்ள கம்ப்யூட்டர் தூங்கிவிட்டால் பிரிண்ட் வராது.

"நம் வீட்டு நெட்வொர்க்கில் யார் வரப் போகிறார்கள்?" என்று கேட்கலாம். விருந்தினருக்கு வைபை பாஸ்வேர்ட் கொடுத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் கொடுத்திருக்கிறோம். அவர்களும் எவ்ரிஒன்தான். வைரஸும் அப்படியே. 2017ஆம் ஆண்டு மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை, விண்டோஸ் பைல் ஷேரிங்கின் பழைய முறையான எஸ்எம்பி1ல் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே தந்திருந்தது. போடாதவர்கள் மாட்டிக் கொண்டனர். எனவே பழைய கம்ப்யூட்டரை இணைக்க எஸ்எம்பி1ஐ ஆன் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இத்தகைய வைரஸ்கள், தாம் புகுந்த கம்ப்யூட்டருக்கு எழுதும் உரிமை உள்ள ஷேர் போல்டர்களையும் பூட்டிவிடக் கூடியவை. ரீட் மட்டும் உள்ள போல்டரை அங்கிருந்து தொட முடியாது.

இழக்கக் கூடாத படங்களை எக்ஸ்டர்னல் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, வயரைக் கழற்றி பீரோவில் வையுங்கள். என்னிடம் அப்படி ஒரு பிரதி அன்று இருந்திருந்தால் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்க மாட்டேன்.